மஞ்சள் கோபுரத்தைச் சிவப்பாக வரைந்தவர்

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு ஓவியம் இருக்கிறது. உயரம் 160.7 சென்டிமீட்டர், அகலம் 128.6. கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். பெயர் ‘ஷாம்ப் த மார்ஸ்: சிவப்புக் கோபுரம்’. வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ரோபேர் டெலோனே. 1911இல் தொடங்கினார். பிறகு அதையே மறுபடி கையில் எடுத்துத் திருத்தி, 1923 வாக்கில் முடித்தார்.

படத்தில் இருப்பது பாரிஸின் ஷாம்ப் த மார்ஸ் மைதானத்தில் நிற்கும் ஈஃபிள் கோபுரம். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதன் கால்களுக்கு நடுவே நுழைந்து போகும்படி கட்டியது. ஆனால் சாவிக்கொத்திலும் காலண்டரிலும் நாம் பார்த்துப் பழகிய கோபுரம் இந்தப் படத்தில் இல்லை. இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டிடங்கள் நெருக்கி நிற்க, நடுவில் செக்கச்சிவந்த இரும்பு எழுந்து மேலே போகிறது. போகப்போகச் சுற்றியுள்ள வானம் துண்டு துண்டாகிறது. வெளிச்சம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது.

டெலோனே கோபுரத்தை உடைத்துப் போட்டார் என்று சொல்வது வழக்கம். அவரே இந்தக் காலத்துப் படங்களைத் தன் ‘சிதைப்புக் காலம்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. கோபுரத்தின் கட்டுமானம் அப்படி. ஐந்நூறு வருடமாக ஓவியர்கள் கட்டிடம் வரைந்து வந்த முறைக்கு அது அடங்கவே அடங்காது. அடங்காததை அடக்காமல், முறையைக் கைவிட்டார் டெலோனே. அவர் வரைந்த கோபுரப் படங்களில் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு அதைக் காட்ட முயல்கிறேன்.

இரும்பில் கட்டிய வெற்றிடம்

முதலில் கோபுரம். கண்காட்சிக்குப் பல வருடம் முன்பு, 1884 ஜூனில், ஈஃபிளின் நிறுவனத்தில் வேலை பார்த்த மோரிஸ் கேக்லன் என்ற பொறியாளர் ஒரு தாளில் கோடு போட்டார். கூடவே எமில் நூகியே. கீழே நான்கு கால்கள் விரிந்து நிற்க, மேலே போகப்போகச் சேர்ந்து ஒன்றாகும் ஒரு தூண். பாலத்துக்குத் தூண் எழுப்பும் கைப்பழக்கம்தான் அதில் இருந்தது. கட்டிடக் கலைஞர் ஸ்டெஃபான் சோவெஸ்த்ர் அதற்கு ஒரு முகம் கொடுத்தார். கால்களுக்கு இடையே தெரியும் பெரிய வளைவுகள் அவர் சேர்த்தவை. அவை எடை எதையும் தாங்கவில்லை, கண்ணுக்காக வைத்தவை.

1887 ஜனவரி 28இல் வேலை தொடங்கி 1889 மார்ச் 31இல் முடிந்தது. இரண்டே வருடம், இரண்டு மாதம், சில நாள். 18,038 இரும்புத் துண்டுகள், அவற்றை இணைத்துப் பூட்ட 25 லட்சம் ரிவெட் ஆணிகள். பாரிஸை ஒட்டிய லெவலுவா-பெரே பட்டறையில் துண்டுகளை அறுத்துத் துளையிட்டு, குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து பூட்டினார்கள். ஒரு ரிவெட்டுக்கு நான்கு பேர் வேண்டும். ஒருவர் சிறு உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவார். இன்னொருவர் அதைத் துளையில் நுழைத்துப் பிடிப்பார். மூன்றாமவர் மறுமுனையைத் தட்டித் தலை உருவாக்க, நான்காமவர் சம்மட்டியால் ஓங்கி அடித்து முடிப்பார். ஆறியதும் ரிவெட் சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது பலரும் அறிந்த கதைதான். ஆனாலும் படத்தின் முன்னால் நிற்கும்போது அந்தச் சிவந்த ரிவெட்டுகள் எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஓவியருக்கு முக்கியமான கணக்கு வேறொன்று. கோபுரத்தில் உள்ள இரும்பு சுமார் 7,300 டன். அதன் அடிப்பகுதி பக்கத்துக்கு 125 மீட்டர் உள்ள சதுரம். அந்த இரும்பு முழுவதையும் உருக்கி அந்தச் சதுரத்துக்குள் ஊற்றினால் எவ்வளவு உயரம் வரும்? ஆறு சென்டிமீட்டர். அவ்வளவுதான். 300 மீட்டர் உயரம் நிற்கும் கோபுரத்தை அதே விகிதத்தில் 30 சென்டிமீட்டராகச் சுருக்கினால் எடை ஏழு கிராம்தான் வரும்.

அதாவது இந்தக் கட்டிடத்தில் பெரும்பகுதி காற்று. காற்று தள்ளுகிற விசையைச் சமாளிக்க வேண்டும் என்பதால், காற்றுக்கு வழிவிடும் சட்டங்களாகவே அதைக் கட்டினார்கள். அதற்கு முன்னால் ஓவியர்கள் வரைந்த அரண்மனை, தேவாலயம், கோட்டை எல்லாம் வெளிச்சத்தை மறிப்பவை. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்று தீட்டிவிடலாம். ஈஃபிள் கோபுரம் வெளிச்சத்தை மறிக்காது. அதன் வயிற்றுக்குள்ளேயே வானம் தெரியும். சுவர் கிடையாது, உள்ளே வெளியே என்ற பிரிவும் கிடையாது. இதை எங்கே தொடங்கி எப்படி நிழல் போடுவது?

இன்னொரு சிக்கல் தூரம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கால்கள் ராட்சத அகலத்தில் தெரியும், உச்சி காணாமல் போகும். முழுசாகப் பார்க்க வேண்டும் என்று விலகி விலகிப் போனால் ஒரு கட்டத்தில் அது மெல்லிய ஊசி. அண்ணாந்து பார்க்கும்போது மிரட்டிய அந்தப் பிரம்மாண்டம் காணாமல் போயிருக்கும். ஓரிடத்தில் நின்று ஒரு கண்ணால் பார்ப்பதாக வைத்துக்கொண்டு வரைவதுதான் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து வந்த தொலைநோக்கு விதி. அந்த விதிப்படி இந்தக் கோபுரத்தின் உயரத்தையும் கனத்தையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியாது.

முன்பு வரைந்தவர்கள்

ஜார்ஜ் செரா 1889இலேயே ஒரு சிறு பலகையில் கோபுரத்தை வரைந்துவிட்டார். இப்போது சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது. உள்ளங்கையை விடச் சற்றே பெரியது; 24 சென்டிமீட்டர் உயரம். புள்ளி புள்ளியாக வண்ணம். உச்சி தெளிவாக முடியாமல் வானத்தில் கரைந்துவிடும். கோபுரம் வெளிச்சத்தோடு கலக்கிறது என்பதைக் கண்டுபிடித்த முதல் கண் அவருடையது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் தூரத்தில் நின்றார். அதனால் அந்தப் படத்தில் கோபுரம் அமைதியாக நிற்கிறது.

அடுத்த வருடம் ஆன்றி ரூசோ தன்னையே பெரிய உருவமாக வரைந்து, பின்னணியில் சின்னதாகக் கோபுரத்தை வைத்தார். கொடிகள் பறக்கும் கப்பல், வானத்தில் பலூன், ஓர் ஓரத்தில் கோபுரம். இந்த ரூசோ பிற்பாடு இளைஞர் டெலோனேவுக்கு நெருக்கமானவர் ஆனார். ரூசோ 1907இல் வரைந்த பாம்பாட்டிப் பெண் ஓவியம் டெலோனேயின் தாயார் கேட்டு வரைந்தது.

மறுபக்கம், கோபுரம் எழும்போதே அதை வெறுத்தவர்கள். 1887 பிப்ரவரி 14இல் பாரிஸின் ‘ல தான்’ பத்திரிகையில் கலைஞர்களின் எதிர்ப்புக் கடிதம் வந்தது. ஓப்பரா கட்டிடத்தைக் கட்டிய ஷார்ல் கார்னியே, எழுத்தாளர் மோப்பசான், இசையமைப்பாளர் குனோ, ஓவியர்கள் மெய்சோனியே, புகெரோ என்று பெரிய பெரிய பெயர்கள். பாரிஸின் தலைமேல் ஆலைப் புகைபோக்கி போல ஒன்று நிற்கப் போகிறது என்பது அவர்களின் ஆதங்கம். அவர்களைப் பழைமைவாதிகள் என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். அது நியாயமில்லை. இப்படி ஒன்றை அழகு என்று சொல்ல அவர்கள் கையில் அப்போது அளவுகோல் இல்லை. அளவுகோல் உருவாக இருபது வருடம் ஆயிற்று.

1909

டெலோனே பிறந்தது 1885 ஏப்ரலில், பாரிஸில். கோபுரம் திறந்தபோது நான்கு வயது நிறையவில்லை. அவருடைய தலைமுறைக்குக் கோபுரம் அதிர்ச்சி இல்லை. கண் விழித்த நாளிலிருந்து ஊரில் நிற்கும் பொருள். பெற்றோர் பிரிந்துவிட, மாமா வீட்டில் வளர்ந்தார். பெல்வில் பகுதியில் நாடக மேடைக்குத் திரைச்சீலை வரையும் பட்டறையில் 1902இல் வேலைக்குச் சேர்ந்தார். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு அவருடைய கோபுரப் படங்களில் இரண்டு ஓரமும் வரும் கட்டிடங்கள் மேடைத் திரைகள் போல விலகி நின்று கோபுரத்துக்கு வழிவிடும். அந்தப் பட்டறைப் பாடம் அவர் கையை விட்டுப் போகவில்லை.

முதல் கோபுரப் படம் 1909இல் வந்தது. கலியாணம் பேசி முடித்திருந்த சோனியா டெர்க்குக்குக் கொடுத்த பரிசு அது. சோனியா அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனில் பிறந்தவர், அவரும் ஓவியர். கேன்வாஸின் மேலேயே டெலோனே எழுதி வைத்தார்: ‘கோபுரம் பிரபஞ்சத்தை நோக்கிப் பேசுகிறது’. பக்கத்திலேயே ‘பிரான்ஸ்-ரஷ்யா’. காதல் கடிதமும் கண்காட்சி விளம்பரமும் கலந்த மாதிரி ஒரு வாசகம். 1910 நவம்பரில் அவர்கள் திருமணம் நடந்தது.

அந்த 1909ஐ கவனிக்க வேண்டும். கோபுரத்துக்கு இருபது வருட அனுமதிதான் கொடுத்திருந்தார்கள். அது முடிகிற வருடம் 1909. அதே கண்காட்சியில் கோபுரத்துக்கு நேர் எதிரே நின்ற இயந்திர மண்டபம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 110 மீட்டருக்கு மேல் அகலத்தைத் தாண்டி நின்ற அற்புதம், இடிபட்டு 1910இல் இல்லாமல் போனது. கோபுரத்துக்கும் அந்தக் கதிதான் வந்திருக்கும். காப்பாற்றியது வானொலி. ராணுவப் பொறியாளர் குஸ்தாவ் ஃபெர்ரியே உச்சியில் ஆன்டெனா கட்டிக் கம்பியில்லாத் தந்தி சோதித்துப் பார்த்தார். இவ்வளவு உயரமான கம்பம் நாட்டில் வேறு இல்லை. 1910 ஜனவரி 1இல் அனுமதியை நீட்டித்தார்கள். அதே வருடம் மே மாதத்திலிருந்து கோபுரம் கடலில் போகும் கப்பல்களுக்கு நேரக் குறிப்பு அனுப்பத் தொடங்கியது.

‘பிரபஞ்சத்தை நோக்கிப் பேசுகிறது’ என்று எழுதியவர், வெறும் உவமைக்காக எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். அந்தக் கோபுரம் நிஜமாகவே பேச ஆரம்பித்திருந்தது.

கேன்வாஸ் பக்கத்தில்

1911 ஏப்ரலில் பாரிஸ் சுயேச்சை ஓவியர்கள் கண்காட்சியின் 41ஆம் அறையில் டெலோனேயின் படங்கள் இருந்தன. கூடவே மெட்சாஞ்சே, கிளேஸ், ல ஃபோக்கோனியே, லெஜே. பொருளை உடைத்துப் பல கோணங்களை ஒரே படத்தில் சேர்க்கும் பாணிக்குக் கியூபிசம் என்று பெயர். அந்தப் பெயரைப் பொதுமக்கள் பேச ஆரம்பித்தது அந்த அறையிலிருந்துதான். ஆனால் பிக்காசோவும் பிராக்கும் அந்த நாட்களில் வரைந்தது கிட்டார், பாட்டில், மேசை. வண்ணம் காவியும் சாம்பலும். டெலோனே அதே உடைத்தலை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். 300 மீட்டர் பொருளின் மேல் அதைப் பிரயோகித்தார். வண்ணத்தையும் விடவில்லை.

சிவப்புக் கோபுரத்தில் கண்ணைக் கீழிருந்து மேலே ஓட்டிப் பாருங்கள். கீழே கால்கள் அகன்று கனமாக நிற்கின்றன, பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தெரிகிறபடி. மேலே போனால், தூரத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற வடிவம். இரண்டு பார்வையும் ஒரே உடம்பில். இரண்டுக்கும் நடுவே ஒட்டு இருக்கத்தான் செய்கிறது. அந்த ஒட்டுகளில்தான் வெளிச்சம் பாய்கிறது. குறுக்குச் சட்டங்களுக்கு இடையே தெரியும் வானத்தை அவர் பின்னணியாக விடவில்லை. அதையும் வெட்டி எடுத்த துண்டாக, இரும்புக்குச் சமமான திடத்தோடு வரைகிறார். வெளிறிய நீலம், வெள்ளை, மஞ்சள் என்று முகம் முகமாக வெளிச்சம் கோபுரத்தைச் சுற்றி நிற்கிறது. காற்றால் ஆன கட்டிடம் என்று மேலே சொன்னேனே, அந்தக் காற்றுக்கு உருவம் கொடுத்திருக்கிறார்.

இரு பக்கக் கட்டிடங்கள் மங்கிய நிறம். அவை பழைய பாரிஸ்: கல், ஜன்னல், புகைபோக்கி. கோபுரத்தின் சிவப்பு எரிவது அவற்றின் மங்கலால்தான்.

இங்கே ஷெவ்ரெல் வருகிறார். மிஷெல் ஷெவ்ரெல் வேதியியலாளர், பாரிஸின் கோபெலான் சித்திரத் திரை நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவர். ஆலையின் கறுப்பு நூலில் கறுப்பு சரியாக எடுக்கவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் அதை வெளிறச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்ற அந்த விதியை 1839இல் விரிவாக வெளியிட்டார். செராவும் அதைப் படித்தார், டெலோனேயும் அதிலேயே ஊறினார். கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே 72 விஞ்ஞானிகளின் பெயர்களை ஈஃபிள் பொறித்து வைத்தாரே, அதில் ஷெவ்ரெலும் ஒருவர். கோபுரம் முடிந்து பத்தே நாளில், 102 வயதில் இறந்தார். எந்த நிற விதியால் இந்த ஓவியம் உயிர் பெற்றதோ, அதைச் சொன்னவரின் பெயர் அந்தக் கோபுரத்தின் இரும்பிலேயே இருக்கிறது.

ஏன் சிவப்பு?

இந்த ஆய்வில் என்னை அதிகம் இழுத்தது இதுதான். கோபுரத்துக்குச் சுமார் ஏழு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்கிறார்கள். தூரிகை பிடித்துக் கையால்தான். ஒரு தடவைக்கு 60 டன் பெயின்ட். நிறமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பட்டறையை விட்டு வரும்போதே துண்டுகளின் மேல் வெனிஸ் சிவப்பு பூசியிருந்தது. 1889 கண்காட்சியின்போது செம்பழுப்பு. 1892இல் காவிப் பழுப்பு. 1899இல் அடியில் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் தொடங்கி உச்சியில் வெளிர் மஞ்சளாக முடியும்படி அடுக்கடுக்காக அடித்தார்கள். 1907இல் ஒரே சீராக மஞ்சள் பழுப்பு. அந்த நிறம் 1954 வரை நீடித்தது.

ஆக, 1911இல் டெலோனே தூரிகை எடுத்தபோது எதிரே நின்றது மஞ்சள் பழுப்புக் கோபுரம். அவர் வரைந்ததோ சிவப்புக் கோபுரம்.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். ஒன்று, ஷெவ்ரெல் விதிப்படி நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவே தாவி எழ வேண்டுமானால் சிவப்புதான் சரி. மஞ்சள் பழுப்பு அங்கே அடங்கிப் போயிருக்கும். ஓவியம் தெரிந்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள், அதில் தவறில்லை. இன்னொன்று, சிவப்புதான் கண்காட்சியின் நிறம். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது ஊரில் நின்ற கோபுரத்தின் நிறம். நினைவிலிருந்து எடுத்தார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் 1889க்கு உரிய நிறமும், அவருடைய படத்துக்குத் தேவைப்பட்ட நிறமும் ஒன்றாகிவிட்டன. அந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சுவருக்கும் ஒரு கதை

இந்தப் படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பழைய கட்டிடத்தையும் சொல்லியாக வேண்டும். பாரிஸின் கோபுரத்தை மிஞ்ச வேண்டும் என்று வீராப்போடு நடந்த அடுத்த பெரிய உலகக் கண்காட்சி 1893இல் சிகாகோவில். ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் அங்கே 80 மீட்டர் உயரத்துக்குச் சக்கரம் எழுப்பினார். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். நம் ஊர்த் திருவிழாக்களில் சுற்றும் ராட்டினத்துக்கு அவ்வளவு பெரிய உறவுக்காரர் உண்டு.

அந்தக் கண்காட்சி மைதானத்திலிருந்து தள்ளி, நகரத்துக்குள், மாநாடுகள் நடத்தக் கண்காட்சிப் பணத்தையும் சேர்த்து ஒரு கட்டிடம் எழுப்பினார்கள். கண்காட்சி முடிந்ததும் அது ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு என்பது ஏற்பாடு. 1893 செப்டம்பர் 11இல் சர்வ சமயப் பேரவை கூடி, விவேகானந்தர் எழுந்து பேசியது அந்தக் கட்டிடத்தில்தான். அவரை அனுப்பி வைக்க அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாக ஏறிப் பணம் திரட்டினார்கள். ஒரு உலகக் கண்காட்சிக்காக எழுந்த இரும்பின் படம், இன்னொரு உலகக் கண்காட்சிக்காக எழுந்த கல் கட்டிடத்தில் குடியேறிய அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கிறது.

டெலோனேயும் சக்கரத்தை விடவில்லை. 1912-13இல் வரைந்த ‘கார்டிஃப் அணி’ படத்தில் ரக்பி வீரர்கள் பந்துக்குத் தாவுகிறார்கள். பின்னால் ஒரு விமானம், ஈஃபிள் கோபுரம், கூடவே ஒரு ராட்சதச் சக்கரம். அது 1900 பாரிஸ் கண்காட்சிக்காக எழுப்பிய சக்கரம், சிகாகோ சக்கரத்தின் வாரிசு. 1912இல் வரைந்த ஜன்னல் படங்களில் கோபுரம் பச்சை நிழலாகச் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு வட்டங்களும் நிறங்களுமாகவே போய்விட்டார். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சி வந்தபோது ரயில்வே மண்டபத்துக்கும் விமான மண்டபத்துக்கும் பிரம்மாண்டமான சுவரோவியங்கள் செய்ய அவரையும் சோனியாவையும் அழைத்தார்கள். கண்காட்சியின் கட்டிடத்தைப் பார்த்து வரைந்தவர், கடைசியில் கண்காட்சியின் கட்டிடத்துக்குள்ளேயே வரைந்தார். நான்கு வருடம் கழித்து, 1941 அக்டோபரில் மோன்பெலியேவில் காலமானார்.

கோபுரத்துக்கு இருபதாவது முறையாகப் பெயின்ட் அடிக்கும் வேலை 2019இல் தொடங்கியது. பழைய அடுக்குகளில் ஈயம் இருந்ததால் சில இடங்களில் இரும்பு வரைக்கும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அதனால் வேலை நிதானமாகவே நகர்ந்தது. புதிதாகப் பூசத் தேர்ந்தெடுத்தது 1907இன் மஞ்சள் பழுப்பு.